முதலில் கூண்டைக் காட்டுங்கள்

பச்சோந்திக்கு மூச்சுக் கோளாறு என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது கூண்டின் படத்தைத்தான். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன். புதிதாக வருகிறவர்களுக்கு இது எரிச்சலாகக்கூட இருக்கும். உறைபனியில் வண்டி ஓட்டி, பிராணியைப் போர்வைக்குள் பொத்திக் கொண்டுவந்திருக்கிறார்கள். டாக்டர் என்னடாவென்றால் விளக்கு எத்தனை வாட், தண்ணீர் எந்த நேரத்தில் தெளிக்கிறீர்கள் என்று விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, உறுதியாகச் சொல்ல என்னிடம் ஒன்று உண்டு. பச்சோந்தியின் நுரையீரலில் இன்று தெரிகிற நோய், பெரும்பாலும் பல வாரங்களுக்கு முன்பே அதன் கூண்டில் தொடங்கிவிட்டிருக்கும்.

டொரண்டோவின் கிழக்குப் பக்கத்தில், நாய் பூனை அல்லாத செல்லப் பிராணிகளைப் பார்க்கிற சிறிய மருத்துவமனை எங்களுடையது. முயல், கிளி, ஆமை, பாம்பு, பல்லி எல்லாம் வரும். சென்னை வேப்பேரியில் நான் படித்த காலத்தில் மாடு, ஆடு, கோழி, நாய் என்பதுதான் வரிசை. ஊர்வன சில வகுப்புகளோடு முடிந்துவிடும். பச்சோந்தியின் மூச்சைக் காது வைத்துக் கேட்கக் கற்றுக்கொண்டது இங்கே வந்த பிறகு.

எங்களிடம் வருபவை பெரும்பாலும் மூன்று இனங்கள். தலையில் உயர்ந்த கொண்டையுள்ள யேமன் பச்சோந்தி முதலாவது. யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் உள்ள மலைப் பகுதிகளைச் சேர்ந்தது. வளர்ப்போரிடம் அதிகம் இருப்பது இதுதான். இரண்டாவது, மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தி. அம்பிலோபே, நோசி பே என்று ஊர்ப் பெயரைச் சொல்லி விற்பார்கள். ஊருக்கு ஊர் நிறம் மாறும். மூன்றாவது, மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்தி. கிழக்கு ஆப்பிரிக்க மலைக்காட்டுப் பிராணி. 1972-இல் செல்லப் பிராணி வியாபாரத்துக்காக ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள், அங்கே காட்டில் இறங்கிப் பெருகிவிட்டது. முதல் இரண்டும் முட்டையிடும், ஜாக்சன் குட்டி போடும். பிறந்த ஊரும் தாங்கும் குளிரும் வேறு வேறு என்றாலும், வீட்டுக் கூண்டுக்குள் மூன்றுக்கும் மூச்சு கெடுகிற விதம் ஒன்றுதான்.

பச்சோந்தி தன் நோயை வெளியே காட்டாது. கிளையில் துவண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் பருந்தும் பாம்பும் முதலில் எடுக்கும். அதனால் கடைசிவரை தெம்பாக இருப்பதுபோலவே அது நடந்துகொள்ளும். அதன் உடலமைப்பும் இதற்குத் துணைபோகிறது. அதன் நுரையீரல் உடம்பின் பின்பகுதிவரை நீண்டு போகிறது. முன்பகுதியில்தான் காற்றிலிருந்து பிராணவாயு ரத்தத்துக்குப் போகும். பின்பகுதி விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய பைகள். எதிரியைக் கண்டால் உடம்பை உப்பிக் காட்டுவது அந்தப் பைகளை வைத்துத்தான். ஊர்வனவாகையால், அதே எடையுள்ள எலிக்கோ பறவைக்கோ வேண்டிய பிராணவாயுவில் சிறு பங்கே அதற்குப் போதும். ஆகவே நுரையீரலில் கணிசமான பகுதி சளியால் அடைபட்ட பிறகும் அது இலை மறைவில் உட்கார்ந்து கண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சங்கடம், அதற்கு நம்மைப்போல் இரும வராது. நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் இருக்கிறது. ஒரு உந்து உந்தினால் சளி மேலே வரும். பச்சோந்திக்கு அந்தத் தசைச் சுவர் இல்லை. மூச்சுக்குழாயின் உள்சுவரில் சளியை மேலே தள்ளும் நுண் மயிர்களின் வேலையும் மந்தம். அதனால் சளி கீழே இறங்கி அந்தப் பைகளிலேயே தங்கிவிடும். சீழாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஊர்வனவற்றின் சீழ் நீர்த்து ஒழுகாது. கெட்டியாகக் கட்டி கட்டியாகத் திரளும். ஊசி மருந்து ரத்தத்தில் ஓடினாலும் அந்தக் கட்டிக்குள் நுழைவது கடினம். சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்று நான் சலிக்காமல் சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சரி, சீக்கிரம் என்றால் எதைப் பார்த்து? அறிகுறிகள் ஏறக்குறைய ஒரு வரிசையில் வரும். முதலில் வருபவை மூச்சோடு சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். சுவர்க்கோழியை விட்டால் பார்க்கும், ஆனால் நாக்கை நீட்டாது. காலையில் விளக்கு எரிந்து வெகு நேரமாகியும் தூங்கிய கிளையிலேயே இருக்கும். பகலில் ஒரு கண்ணை மூடும், பிறகு இரண்டையும். விளக்கு எரியும்போது பச்சோந்தி தூங்குவதில்லை. பகலில் கண்மூடிய பச்சோந்தி நோயாளி என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்து நிறம் மங்கும், அல்லது நாள் முழுக்கக் கருத்தே இருக்கும். அதற்குப் பிறகுதான் எல்லோரும் எதிர்பார்க்கும் அடையாளங்கள் வரும்: தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்துக்கொள்வது, வாயை லேசாகத் திறந்து வைப்பது, மூச்சு விடும்போது ‘டிக்’ என்று சிறிய வெடிப்பு, சீழ்க்கைபோல் ஓர் இழுப்பு, வாயைத் திறந்தால் மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையே நூல்போல் இழுபடும் எச்சில், மூக்கிலோ வாயோரத்திலோ குமிழி. தலையைத் தூக்குவது அழகுக்கல்ல; மூச்சுக்குழாயை நேராக்கி, கொஞ்சமாவது காற்று போக வழி செய்துகொள்கிறது. குமிழி வந்துவிட்டால் அது அவசரம்.

இதே அடையாளங்களைப் போல வேடம் போடும் சாதாரண விஷயங்களும் உண்டு. பயந்துபோய் வருகிறவர்களில் ஒரு பங்கினரை நல்ல செய்தி சொல்லித் திருப்பி அனுப்புவது இவற்றால்தான். விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து வாயைத் திறக்கிறது, நகர்ந்து நிழலுக்குப் போனதும் மூடிவிடுகிறது என்றால், அது உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. விளக்கைச் சற்று உயர்த்தினால் போதும். குளிர்ந்த இடத்தில், அதிகாலையில், வாய் திறந்திருந்தால்தான் கவலை. மூக்கோரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பெரும்பாலும் உப்பு. உடம்பில் மிகுந்த உப்பைப் பச்சோந்தி மூக்கருகிலுள்ள சுரப்பி வழியாக வெளியேற்றும். அதற்காகத் தும்மவும் செய்யும். உலர்ந்த வெள்ளை உப்பு, ஈரமாக வழிவது சளி. தோல் உரிக்கும் நாட்களில் உடம்பை உப்பும், கொட்டாவி விடும், கண்ணைக் கிளையில் தேய்க்கும். கையை நீட்டினால் வாயைப் பிளந்து சீறுவது கோபம். சுண்ணாம்புச் சத்துக் குறைவால் தாடை எலும்பு மெத்தென்று ஆகி வாய் சரியாக மூடாமல் போவதும் உண்டு. அதுவும் நோய்தான், ஆனால் நுரையீரலுடையது அல்ல.

வேறுபாட்டை வாய் வார்த்தையால் விளக்குவது கடினம். அதனால் நான் எல்லோரிடமும் கேட்பது, கூண்டுக்குள் அது தன்போக்கில் இருக்கும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பச்சோந்தியும் இயல்பாக மூச்சு விடாது.

ஸ்காபரோவிலிருந்து ஒரு தகப்பனும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளும் ஜனவரியில் ஒரு யேமன் ஆணைக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

“டொக்டர், இவர் ரெண்டு மூண்டு நாளா ஒரு மாதிரி. மேலை பாத்துக்கொண்டே இருக்கிறார். சாப்பாடும் இல்லை.”

“கூண்டோட படம் இருக்குதா, அண்ணா?”

“கூண்டோ? கூண்டுக்கு ஒண்டும் இல்லை. நல்லாத்தானே வைச்சிருக்கிறம்.”

மகள் குறுக்கிட்டாள். “என்ரை ஃபோனிலை இருக்கு அப்பா.”

படத்தில் எல்லாமே அன்போடு செய்யப்பட்டிருந்தது. பெரிய கண்ணாடித் தொட்டி. மேலே வலை மூடி; குளிர் நுழையக்கூடாது என்று அதன்மீது மடித்த துவாலை. ஒரு பக்கம் வெப்ப விளக்கு, இன்னொரு பக்கம் நாள் முழுவதும் புகை கக்கும் ஃபாகர். கண்ணாடியின் உட்புறம் முழுக்க நீர்த் துளி. ஈரப்பதமானி 90 என்று காட்டியது, வெப்பமானி 29. பச்சோந்தி மழைக்காட்டுப் பிராணி, அதற்கு ஈரம் வேண்டும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பனிக்காலத்தில் குளிரக் கூடாது என்பது நம் வீட்டு அறிவு. இரண்டும் தனித்தனியே நியாயம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பூட்டியதுதான் வினை. ஐப்பசி மழையில் சாத்திய அறைக்குள் காயப்போட்ட துணி எப்படி மக்கு வாடை அடிக்குமோ, அந்தக் காற்றைத்தான் அது இரவு பகலாகச் சுவாசித்துக்கொண்டிருந்தது.

நான் அவர்களுக்கு ஒரு கணக்குச் சொன்னேன். 18 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 14 கிராம் நீராவி. அதே 90 சதவீதம், 30 டிகிரியில் என்றால் 27 கிராம், கிட்டத்தட்ட இரு மடங்கு. மானியில் எண் ஒன்றுதான். நுரையீரலுக்குள் போவது வேறு. அந்தச் சூட்டில், காயாத கிளையிலும் மண்ணிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் தழைக்கின்றன. சூடோமோனாஸ், க்ளெப்சியெல்லா, ஏரோமோனாஸ் போன்றவை எங்கும் இருப்பவை; திடமான பச்சோந்தி அவற்றோடுதான் வாழ்கிறது. சளைத்துப்போன நுரையீரல் கிடைத்தால் அவை குடியேறிவிடும்.

யேமனின் இப் நகரம் சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மலைச் சரிவுகளில் பகலில் வெயில், உலர்ந்த காற்று. இரவில் வெப்பம் சரசரவென இறங்கும், மூடுபனி படியும், இலையெல்லாம் நனையும். பச்சோந்தி குளிர்ந்த ஈரக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு தூங்குகிறது; விடியலில் இலைப் பனியை நக்குகிறது; வெயில் ஏறியதும் எல்லாம் உலர்ந்துவிடும். செக் நாட்டுப் பச்சோந்தி ஆய்வாளர் பெட்ர் நெச்சாஸ் இந்த வாழிடங்களை நேரில் பார்த்து எழுதியவர். வளர்ப்போர் இன்று பின்பற்றும் ‘இரவில் பனி, பகலில் காய்வு’ என்ற முறை பரவியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. யேமன் பச்சோந்திக்கு நான் எழுதிக் கொடுப்பதும் அதுதான். பகலில் வெயில் காயும் கிளையில் 29 முதல் 32 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம். இரவில் எல்லா விளக்கும் அணைந்து, வெப்பம் 20-க்குக் கீழே, ஈரப்பதம் 80-க்கு மேலே. பாந்தருக்கு இரவு ஓரிரு டிகிரி கூடலாம். மலைவாசியான ஜாக்சனுக்குப் பகலில் 27 போதும், இரவில் இன்னும் நன்றாகக் குளிரவேண்டும். அறை இரவில் குளிரவில்லை என்றால் ஃபாகரைப் போடவே வேண்டாம். அதிகாலையில் விளக்கு எரிவதற்கு முன் இரண்டு நிமிடம் தண்ணீர் தெளித்தால் போதும். சூடும் ஈரமும் ஒரே நேரத்தில் ஒரே கூண்டில் இருக்கக்கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டவர்களை நான் மூச்சுக் கோளாறுக்காக மறுபடி பார்ப்பது அபூர்வம்.

எங்கள் ஊரில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை ஏன் கூட்டம் என்பதற்கும் காரணம் காற்றில்தான் இருக்கிறது. வெளியே மைனஸ் 15 டிகிரியில் இருக்கும் காற்றை வீட்டுக்குள் இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிடும். சமையல், குளியல், மனித மூச்சு எல்லாம் சேர்ந்து 20, 30-க்குக் கொண்டுவரும். இரவு முழுக்க அந்த வறண்ட காற்றைச் சுவாசிக்கும் பச்சோந்திக்கு மூச்சுப் பாதையின் ஈரப்படலம் காய்கிறது. கிருமியைத் தடுக்கும் முதல் வேலி அதுதான். கண் உள்வாங்கும், சிறுநீரோடு வரும் வெள்ளைக் கட்டி மஞ்சளாகும். இதைக் கண்டு பயந்த மனிதர் பகல் முழுக்கத் தண்ணீரைத் தெளிக்கிறார், கூண்டைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றுகிறார். வறட்சியில் தொடங்கிய சிக்கல் புழுக்கத்தில் போய் முடிகிறது. வறட்சிக்கு மருந்து இரவில்தான் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்தப் பிளாஸ்டிக் தாள் தேவைப்பட்டிருக்காது.

கண்ணாடித் தொட்டி கூடாது, வலைக்கூண்டுதான் நல்லது என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ஐரோப்பாவில் பலர் கண்ணாடிக் கூண்டில் நன்றாகவே வளர்க்கிறார்கள். அவற்றின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் காற்றுத் திறப்பும் மேலே வலையும் இருக்கும். விளக்கின் சூட்டில் காற்று மேலேற, கீழிருந்து புதுக் காற்று தானாக உள்ளே வரும். கீழே வழியில்லாத மீன் தொட்டியில் அது நடக்காது. வறண்ட கனடா வீட்டுக்கு நான்கு பக்கமும் வலை என்பது சில சமயம் அதிகம்தான். இரண்டு பக்கம் தடுப்பு, முன்னும் மேலும் வலை என்று வைத்தால் இரண்டுக்கும் நடுவில் அமையும். சோதித்துப் பார்ப்பது சுலபம். தெளித்த தண்ணீர் சில மணி நேரத்தில் இலையில் காய்ந்துவிட வேண்டும். மத்தியானத்திலும் கண்ணாடி வியர்த்திருந்தால் காற்று ஓடவில்லை.

ஃபாகரைப் பற்றி இன்னொன்று. அது தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை, அதிர்வால் சிதறடிக்கிறது. தொட்டியில் என்ன வளர்ந்திருக்கிறதோ அதுவும் சேர்ந்து நுண்துளியாகி மூச்சுக்குள் போகும். குழாயின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள் என்பேன்; வழுவழுவென்று இருந்தால் அங்கே பாக்டீரியா படலம் கட்டியிருக்கிறது. வாலை வடிநீர் ஊற்றி, வாரம் ஒருமுறை தொட்டியையும் குழாயையும் கிருமிநாசினி போட்டுக் கழுவி, முழுக்கக் காயவிட்டுப் பிறகு மாட்டவேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர் ஃபாகர் வாங்காமல் இருப்பது உத்தமம்.

கூண்டு சரியாக இருந்தும் மறுபடி மறுபடி சளி பிடிக்கிறது என்றால் சாப்பாட்டைக் கிளறுவேன். வைட்டமின் ஏ குறைந்தால் மூச்சுப் பாதையின் ஈரமான உள்தோல் மாறித் தடித்துக் காய்ந்துவிடும். கண் இமை வீங்கும். கிருமிக்குக் கதவு திறந்தது போலத்தான். கேரட் தின்ற சுவர்க்கோழியைக் கொடுத்தால் போதும் என்று நம்புகிறார்கள். கேரட்டில் இருப்பது முன்னோடிப் பொருள். அதைப் பச்சோந்தி தன் உடம்புக்குள் போதுமான அளவுக்கு வைட்டமினாக மாற்றிக்கொள்ளும் என்று நம்பியிருப்பது சரியல்ல. அதனால் ரெட்டினால் வடிவத்திலேயே உள்ள சத்துப்பொடியை, அளவறிந்து, எப்போதாவது தூவச் சொல்வேன். அளவு மீறினால் அதுவே நஞ்சு. கூடவே யுவிபி விளக்கு. அது தரும் வைட்டமின் டி இல்லாமல் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. விலா எலும்பு வலுவிழந்தால் மூச்சை இழுக்கிற வேலையே தள்ளாடும். அந்த விளக்கு கண்ணுக்கு வெளிச்சம் தந்துகொண்டே இருக்கும், ஆனால் புற ஊதாக் கதிர் குறைந்துகொண்டே வரும். குழல் விளக்கை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

இனி மருத்துவமனைக்குள் நடப்பது. எடை பார்ப்போம். வாயைத் திறந்து அண்ணத்தையும் மூச்சுத் துவாரத்தையும் பார்ப்போம். எக்ஸ்ரேயில் பிராணியைக் கிளையில் உட்காரவைத்தபடியே பக்கவாட்டில் கதிரைச் செலுத்தி எடுப்போம். அப்போது நுரையீரலின் கீழே திரவம் தேங்கியிருந்தால் மட்டம் தெரியும். முடிந்தால் மூச்சுக்குழாய்க்குள் சிறிது உப்புநீர் விட்டு எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று ஆய்வகத்துக்கு அனுப்புவோம். முடிவு வரும்வரை பெரும்பாலும் செஃப்டாசிடைம் ஊசி. பச்சோந்தியின் உடம்பு அதை மெதுவாகத்தான் வெளியேற்றும், அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும். என்ரோஃப்ளாக்சசினும் கேட்கும், ஆனால் ஊசியாகப் போட்டால் வலி அதிகம், போட்ட இடத்தில் தோலும் தசையும் புண்ணாகிக் கருக்கலாம். கட்டிச் சளியை இளக்க மருந்துப் புகை பிடிப்பதும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் சில வாரங்கள் ஆகும். இரண்டு ஊசியில் வாயை மூடிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் திரும்பி வரும்போது பழைய மருந்து கேட்பதில்லை. பூனைக்கு மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கும் அதே கதி. அந்த மாத்திரையால் எங்கள் ஆய்வக முடிவும் குழம்பும்.

சிகிச்சை நடக்கும்போது சூட்டைப் பற்றித் தனியாக எழுதிக் கொடுப்பேன். 1975-இல் மேத்யூ க்ளூகரும் உடன் பணியாற்றியவர்களும் பாலைவன இகுவானாக்களுக்கு ஏரோமோனாஸ் கிருமியை ஏற்றி, 34 முதல் 42 டிகிரி வரை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதிக வெப்பத்தில் இருந்தவையே அதிகம் பிழைத்தன. ஊர்வனவுக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வராது. வெயிலைத் தேடிப் போய்த் தானே உண்டாக்கிக்கொள்ளவேண்டும். ஆகவே நோயாளிக்கு அந்த வெயில் கிளை எப்போதும் எட்டவேண்டும், நகர்ந்துபோக நிழலும் இருக்கவேண்டும். சிகிச்சை முடியும்வரை இரவையும் சற்று இதமாக, ஃபாகர் இல்லாமல் வைக்கச் சொல்வேன். குணமான பிறகுதான் பழைய குளிர் இரவு. இகுவானாவின் 42 டிகிரியைப் பச்சோந்திக்குக் கொடுத்தால் செத்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்; சூடு நல்லது என்று கேட்டதும் விளக்கை இரண்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூச்சு வாங்குகிறது என்று வருபவை எல்லாமே நுரையீரல் தொற்று அல்ல. யேமன் பெண் ஒன்று வாயைத் திறந்து மூச்சிழுத்துக்கொண்டு வந்தது. எக்ஸ்ரேயில் வயிறு நிறைய முட்டை. இடமில்லாமல் நுரையீரலை நசுக்கிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டியது மருந்து அல்ல, முட்டையிட ஓர் ஆழமான ஈர மணல் தொட்டி. ஆணோடு சேராமலே அந்தப் பெண் முட்டையிடும் என்பது பலருக்குத் தெரியாது. யேமன் பச்சோந்தியின் தொண்டையில் மூச்சுக்குழாயோடு இணைந்த ஒரு காற்றுப் பை உண்டு. அதில் தொற்று வந்தால் தாடைக்குக் கீழே புடைக்கும். திரண்ட சீழை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். காட்டில் பிடித்து ஏற்றுமதியானவற்றில் நுரையீரல் புழுக்கள் இருக்கும். மலப் பரிசோதனையில் தெரியும். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூச்சு நோய் கண்ட வளர்ப்பு யேமன் பச்சோந்திகளில் செர்பென்டோ வைரஸும் ஆர்த்தோரியோ வைரஸும் சேர்ந்திருப்பதைக் கண்டது. வைரஸுக்கு ஊசியில்லை. புதிதாக வாங்கியதை மூன்று மாதம் வேறு அறையில், வேறு தெளிப்பான், வேறு இடுக்கியோடு வைத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

ஊரிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் கேட்பதுண்டு: தோட்டத்தில் ஒரு பச்சோந்தி வந்திருக்கிறது, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், வளர்க்கலாமா என்று. கூடாது. நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அது ஏறி வந்த வேலியிலேயே விட்டுவிடுங்கள், அங்கே அதற்குத் தேவையான காற்று இருக்கிறது.

இங்கே வளர்க்கிறவர்களுக்கு, அக்டோபரில் வீட்டு ஹீட்டர் ஓட ஆரம்பிக்கும் வாரம் ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்வேன். கூண்டு ஜன்னல் ஓரத்திலோ ஹீட்டர் காற்று அடிக்கும் துவாரத்துக்கு எதிரிலோ இருக்கக்கூடாது. ஊசி முள் மானியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எண் காட்டும் மானிகள் இரண்டு வாங்கவேண்டும். ஒன்று வெயில் கிளைக்கு, ஒன்று தூங்கும் கிளைக்கு. இரவு மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று பதிவு செய்துவைக்கும் மானி இன்னும் நல்லது, ஏனென்றால் பச்சோந்தியின் நுரையீரலைக் காப்பதும் கெடுப்பதும் நாம் தூங்கும் நேரம். எல்லாம் சேர்த்து ஒரு எக்ஸ்ரேயின் செலவைவிடக் குறைவு. பிறகு ஒரு சமையலறைத் தராசு. வாரம் ஒருநாள், சாப்பாட்டுக்கு முன், கிராம் கணக்கில் எழுதி வைக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத நோய் முதலில் எடையில் தெரியும். பெரிய ஆண் யேமன் 150 கிராம் இருந்தால் 15 கிராம் குறைவது சின்ன விஷயமல்ல.

பகலில் கண்மூடுவது, இரையைப் பார்த்தும் நாக்கை நீட்டாதது, குளிர்ந்த நேரத்தில் வாய் திறந்திருப்பது, எடை பத்தில் ஒன்று குறைந்தது. இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் வார இறுதிவரை காத்திருக்கவேண்டாம். வரும்போது பிராணியைக் கிளை வைத்த சிறு பெட்டியில், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, வண்டியை முன்பே சூடாக்கிவிட்டு எடுத்து வாருங்கள். கூடவே அந்த ஒரு நிமிட வீடியோவும், எடை எழுதிய தாளும், கூண்டின் படம் இரண்டும் வேண்டும்: ஒன்று மத்தியானம் எடுத்தது, ஒன்று நள்ளிரவில் எடுத்தது.